ஆச்சியின் பெயரைத் தேடி: கொழும்பில் முன்னோரின் பதிவுகளைப் பெற உதவும் சேவைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

என் அப்பப்பாவின் தாயாரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் 'ஆச்சி' என்றே சொல்லி வந்தார்கள். அவரைக் கண்ணால் கண்டவர்களுள் இன்று உயிரோடிருப்பவர் எண்பத்திரண்டு வயதான என் தந்தை ஒருவரே. ஆச்சி காலமானபோது அவருக்கு ஆறு வயது. ஆச்சியின் கைத்தடி, அவர் வெற்றிலை இடித்த உரல், கிணற்றடியில் அவர் இருந்த கல் என்பனவெல்லாம் அப்பாவின் நினைவில் இருக்கின்றன. அவருடைய இயற்பெயர் மட்டும் இல்லை. வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டு அலுமாரியில் அப்பப்பாவின் சாதகக் கொப்பி இருக்கிறது. 'ஆனந்த வருடம் மாசி மாதம்' என்று தொடங்கும் அந்தப் பக்கத்தில் தகப்பனாரின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. தாயாரின் பெயர் இருந்த இடம் செல்லரித்துவிட்டது. அந்த ஒரு பெயருக்காகக் கடந்த எட்டு மாதங்களாக நான் பயன்படுத்திய சேவைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். சான்றிதழ்ப் பிரதி வழங்கும் அரச சேவை, தேசிய சுவடிகள் காப்பகத்தின் வாசிப்பு மண்டபம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு தொகுப்புகள் ஆகியனவே அவை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ வேர்களைக் கொண்டு கொழும்பில் வாழ்கின்றவர்களுக்கு, ஊரிலிருந்த பத்திரங்கள் போரிலும் இடப்பெயர்விலும் தொலைந்துபோன நிலையில், இவை எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

சான்றிதழ்ப் பிரதி வழங்கும் சேவையிலிருந்து தொடங்குகிறேன். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஆரம்பித்தன. அவை கட்டாயமாக்கப்பட்டது 1897இல். இன்று நடைமுறையிலிருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பொது விவாகங்களுக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இந்த ஆண்டுகளை மனதில் வைத்திருப்பது தேடுபவருக்கு மிகவும் உதவும். 1897க்குப் பின் பிறந்த ஒருவருக்குப் பதிவு இருக்கும் என்று நம்பித் தேடலாம். அதற்கு முந்தியவருக்குப் பதிவு கிடைத்தால் அது நல்ல காலம் என்றே கொள்ளவேண்டும். ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டு, ஒன்று மாவட்டத்திலும் மற்றையது பதிவாளர் நாயகத்தின் பொறுப்பிலும் வைக்கப்பட்டது. அந்த இரட்டைப் பிரதிகளைக் கொண்ட மத்திய ஆவண அறை கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளில், அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகங்களில், இருந்த ஏடுகள் எவ்வளவோ சேதமுற்ற பின்பும் எங்களில் பலரால் பாட்டன்மாரின் பிறப்பை நிறுவ முடிகிறது என்றால், அதற்கு அந்த இரண்டாவது பிரதியே காரணம்.

விண்ணப்பப் படிவம் எளிமையானது. பிரதேச செயலகங்களில் கிடைக்கிறது. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோரின் பெயர், பதிவு இலக்கம் தெரிந்தால் அது என்பவற்றை நிரப்பவேண்டும். இலக்கமோ சரியான திகதியோ தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு; ஏட்டைப் புரட்டித் தேடவேண்டியிருந்தால் அதனிலும் கூடும்; ஒரு தேடலில் கேட்கக்கூடிய கால எல்லை இரண்டு வருடம். எவ்வாறாயினும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குச் சுமையாகும் தொகை அன்று. அண்மைக் காலத்துப் பதிவுகள் பெருமளவில் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. எந்த மாவட்டத்தில் பிறந்தவரும் தமக்கு அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி பெறலாம். என் மகளின் சான்றிதழை நான் அப்படித்தான் ஒரு காலைப் பொழுதில் பெற்றேன். பழைய பதிவுகளின் கதை வேறு. அவற்றைக் கையால் புரட்டித்தான் எடுக்கவேண்டும். புரட்டுபவருக்கு நாம் கொடுக்கும் விபரமே வழி காட்டுகிறது.

என் முதல் விண்ணப்பம் தோற்றது. அப்பப்பாவின் முழுப்பெயரை எழுதினேன். ஊர் கரவெட்டி என்றும் வருடம் 1914 என்றும் எழுதினேன். ஆறு வாரங்கள் கழித்து, அப்படியொரு பதிவு காணப்படவில்லை என்ற ஒற்றை வரிக் கடிதம் வந்தது. நான் எழுதிய மூன்று விபரங்களும் பிழை என்பது பல மாதங்களுக்குப் பின்னரே தெரிந்தது. அந்த மூன்று பிழைகளையும் விரிவாகச் சொல்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன், ஏனெனில் எங்கள் குடும்பங்களிற் பலவற்றில் இவையே திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

முதலாவது பிழை வருடம். ஆனந்த வருடம் எது என்று தேடிப் பார்த்து 1914 என்று எழுதிவிட்டேன். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது; ஆகவே ஆனந்த வருடம் 1914 சித்திரையில் தொடங்கி 1915 பங்குனியில் முடிந்தது. மாசி மாதம் என்றால் அது 1915 பெப்ரவரி நடுப்பகுதிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம். மார்கழியின் பிற்பாதி, தை, மாசி, பங்குனி ஆகியவற்றில் பிறந்தவர்களுக்கு எப்போதும் அடுத்த ஆங்கில வருடத்தையே எழுதவேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அறுபது வருடச் சுழற்சியில் ஆனந்த வருடம் 1854இலும் 1974இலும் வந்தது. ஒரே பெயரைப் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடும் எங்கள் வழக்கத்தில், சாதகம் எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதைக் கிரக நிலைகளைக் கொண்டு தெரிந்த ஒருவரிடம் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது பிழை இடம். அப்பப்பா தம்மை எப்போதும் கரவெட்டியார் என்றே சொல்லிக்கொண்டார். அது அவருடைய தகப்பனாரின் ஊர். பிறப்பைப் பதிவது குடும்பம் வாழ்ந்த இடத்தில் அன்று, பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளர் பிரிவில். பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடந்த காலம் அது. ஆகவே தேடவேண்டிய ஏடு தாயின் ஊருக்குரியது. கொழும்பில் பிறந்தவர்களுக்கும் இதே விதிதான். 1879இல் திறக்கப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மனையில் பிறந்த ஒரு பிள்ளையின் குடும்பம் கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ வாழ்ந்திருந்தாலும், பதிவு வைத்தியசாலை அமைந்த பிரிவிலேயே இருக்கும்.

மூன்றாவது பிழை பெயர். இதனையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏட்டில் பதிவுகள் பெயரின் அகரவரிசையில் இல்லை. பிரிவு பிரிவாக, நாள் வரிசையில் இருக்கின்றன. அதுமட்டுமன்றி, அந்நாளிற் பிள்ளைக்குப் பெயர் இடுவதற்கு முன்னரே பிறப்பைப் பதிந்துவிடுவது வழமை. பெயருக்குரிய கட்டம் வெறுமையாக விடப்பட்டு, பின்னர் ஒருபோதும் நிரப்பப்படாமலே போன பதிவுகள் எத்தனையோ. சிலவற்றில் வீட்டுப் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் எழுதிய பெயர் வேறாக இருக்கும். மிசன் பள்ளிகளிற் படித்தவர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார், தங்களுடைய வட்டுக்கோட்டைச் செமினறியிற் படித்த பிள்ளைகள் பலருக்குத் தம் நாட்டில் பணம் உதவியவர்களின் பெயர்களையே சூட்டினார்கள். அப்படிப் பெயர் மாறிய ஒரு பாட்டனாரை அவருடைய தமிழ்ப் பெயரைக் கொண்டு தேடினால் ஒரு சந்ததியே காணாமற் போய்விடும். ஆகையால், பெயரைப் பிரதானமாக வைத்து விண்ணப்பிக்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பிரிவு, மாதம், தகப்பனின் பெயர் என்ற மூன்றையும் முன்னால் எழுதி, பிள்ளையின் பெயர் பதியப்படாமலும் இருக்கலாம் என்று ஒரு குறிப்பையும் சேருங்கள்.

முதற் கடிதம் வந்த மனச்சோர்வில் நான் இன்னொரு தவறும் செய்தேன். அலுவலக வாசலில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர், பழைய ஏடுகளை உள்ளேயிருந்து எடுத்துத் தர ஆள் இருப்பதாகச் சொல்லி ஒரு தொகை கேட்டார், கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஒரு பிரதியைக் கொண்டு வந்தார். அப்பப்பாவின் பெயர்தான், ஆனால் அந்தப் பெயரையுடைய வேறொருவருடைய பதிவு அது. தகப்பனின் பெயரும் தொழிலும் பொருந்தவில்லை, பிறந்த மாதம் ஆவணி. எங்கள் பெயர்களுக்கு வம்சப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே அடையாளம். கணபதிப்பிள்ளைகளும் வேலுப்பிள்ளைகளும் ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் இருந்தார்கள். ஆவல் மிகுதியில் அந்தப் பிரதியை ஏற்றுக்கொண்டிருந்தால், யாரோ ஒரு தாயின் பெயரை எங்கள் ஆச்சியின் பெயரென்று அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அதை நினைக்கும்போது இப்போதும் மனம் பதைக்கிறது. தரகரிடம் போகாதீர்கள், போகவேண்டிய தேவையும் இல்லை.

இனித் தேசிய சுவடிகள் காப்பகம். கொழும்பு 7இல், முன்னர் ரீட் அவெனியூ என்று அழைக்கப்பட்ட பிலிப் குணவர்தன மாவத்தையில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருக்கிறது. வாசகர் அனுமதிச் சீட்டுப் பெற்று உள்ளே செல்லவேண்டும். அடையாள அட்டையையும் பென்சிலையும் வெள்ளைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் இங்கே கிடைக்காது. ஆனால், சான்றிதழைத் தேடுவதற்குத் தேவையான துப்பு கிடைக்கும் இடம் இதுவே. 1802 மார்ச்சில் தொடங்கிய அரச வர்த்தமானி முதற்கொண்டு ஆங்கிலேயர் காலத்து அரச ஏடுகளும், அரச உத்தியோகத்தரின் நியமனங்களைக் காட்டும் சிவில் பட்டியல்களும், பழைய பத்திரிகைகளும் இங்கே பேணப்படுகின்றன. 1930 ஆகஸ்டில் வெளிவரத் தொடங்கிய வீரகேசரியையும் 1932இல் தொடங்கிய தினகரனையும் மாதம் மாதமாகக் கட்டிய தொகுதிகளில் புரட்டிப் பார்ப்பது ஓர் அனுபவம். தாள் பழுப்பேறி, ஓரம் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கிறது. இரண்டு கைகளாலும் ஏந்தித்தான் பக்கத்தைத் திருப்ப முடியும்.

அப்பப்பாவின் தமையனார் 1958இல் கொழும்பில் காலமானார் என்று அப்பாவுக்கு நினைவிருந்தது; மாதம் தெரியாது. நான்கு நாட்கள் தொடர்ந்து போனேன். அந்த ஆண்டின் மே மாதத்துப் பக்கங்களைப் படிப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. கலவரச் செய்திகளுக்கிடையே மரண அறிவித்தல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போக மனம் இடங்கொடுக்கவில்லை. நான்காம் நாள் பின்னேரம், ஒக்டோபர்த் தொகுதியில், இரண்டு விரற்கடை அளவான ஓர் அறிவித்தலைக் கண்டேன். பெரிய தகப்பனாரின் பெயர், அவர் வேலை பார்த்த கந்தோர், தகப்பனாரின் பெயர், சகோதரர்களின் பெயர்கள், கனத்தையில் தகனம் நடைபெறும் நேரம் எல்லாம் இருந்தன. பிறந்த ஊர் புலோலி என்று இருந்தது. தாயாரின் பெயர் இல்லை. சகோதரிகளின் பெயர்களும் இல்லை. அந்தக் காலத்து அறிவித்தல்களிற் பெண்கள் இப்படித்தான் விடுபட்டுப் போனார்கள். ஆயினும் 'புலோலி' என்ற அந்த ஒரு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. மூத்த பிள்ளை புலோலியில் பிறந்திருந்தால், அடுத்தவரும் அதே தாய்வீட்டில் பிறந்திருக்கக்கூடும். வாசிப்பு மண்டபத்தில் பணி புரிந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டறிந்து, மறுநாள் எடுக்கவேண்டிய தொகுதிகளை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார். அந்த அன்பை நன்றியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

காப்பகத்தின் செல்வம் இதனோடு முடியவில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகள் இங்கே இருக்கின்றன. குடும்பத்தாரை வீடு வீடாகக் குறிக்கும் தலைத் தோம்பு, காணிகளைக் குறிக்கும் காணித் தோம்பு, ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் குறிக்கும் பள்ளித் தோம்பு என்று அவை பலவகை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. இலங்கையிலுள்ள தொகுதியும் அதில் அடங்கும். ஒல்லாந்த மொழியையும் அந்தக் கால எழுத்தையும் கற்றாலன்றி இவற்றை வாசிக்க இயலாது என்பதால், ஆரம்ப நிலையிலுள்ளவர்களுக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் தோம்பு, கந்தோர், நொத்தாரிசு என்று நாங்கள் நாள்தோறும் சொல்லும் சொற்களெல்லாம் அந்த ஏடுகளை எழுதியவர்களும் அவர்களுக்கு முன் வந்த போர்த்துக்கேயரும் விட்டுச் சென்றவை என்பதை அங்கே அமர்ந்திருக்கும்போது உணராமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தை இப்படி எழுதினேன்: புலோலி, 1915 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஆண் பிள்ளை, தகப்பனின் பெயர் இன்னது, பிள்ளையின் பெயர் பதியப்படாமல் இருக்கலாம். பதிவு நாள் பிறந்த நாளுக்குச் சில வாரங்கள் பின்னால் இருக்கும் என்பதால் ஏப்ரலையும் சேர்த்தேன். ஏழு வாரங்களில் அழைப்பு வந்தது.

முதலில் எனக்குத் தரப்பட்டது தட்டச்சில் எழுதிய பிரதி. அதில் தகப்பனின் பெயரின் முதலெழுத்தே மாறியிருந்தது. பழைய கையெழுத்தில் வகரத்தைச் சகரம் என்று யாரோ வாசித்திருக்கிறார்கள். பெயரின் முதலெழுத்துப் பிழைத்தால் தகப்பன் வேறாகிவிடுவான் என்பதை எடுத்துச் சொல்லி, ஏட்டுப் பக்கத்தின் போட்டோப் பிரதியைக் கேட்டேன். சற்று வாதாட வேண்டியிருந்தது, மறுநாள் வரச் சொன்னார்கள், கொடுத்தார்கள். எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்தாலும் ஏட்டின் நேர்ப் பிரதியையே கேளுங்கள். தட்டெழுத்துப் பிரதி கடவுச்சீட்டுக்கும் பாடசாலை அனுமதிக்கும் போதும். முன்னோரைத் தேடுபவருக்குப் போதாது.

அந்தப் பக்கத்தை விபரிக்க விரும்புகிறேன். மை மங்கி, பேனா முனை அழுத்திய இடங்கள் மட்டும் கறுத்துத் தெரிகின்றன. பிறந்த நாள் 1915 மார்ச் மாதத்து முதல் வாரம், சாதகத்தோடு பொருந்துகிறது. பிள்ளையின் பெயருக்குரிய கட்டம் வெறுமை. ஒரு கோடு மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது. தகப்பனின் பெயரும், தொழில் கமம் என்பதும் அடுத்த கட்டங்களில். அதற்கடுத்த கட்டத்தில், ஒரு எழுத்தும் சிதையாமல், ஆச்சியின் பெயர். அறிவித்தவர் தாயின் சகோதரன். அவர் கையொப்பம் இடத் தெரிந்தவர். தமிழில், சற்றுப் பெரிய எழுத்தில், நிதானமாக ஒப்பமிட்டிருக்கிறார். தங்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தியைப் பதிவாளரிடம் நடந்து போய்ச் சொன்ன அந்த அம்மானைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அறிவித்தவரின் கட்டத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. உறவினர் ஒருவரின் பெயரும் வசிப்பிடமும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அன்று மாலை அப்பாவுக்கு முன்னால் அந்தத் தாளை வைத்து வாசித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமே ஒருமுறை வாசித்தார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்கச் சொன்னார்.

வேறு பதிவுகளைத் தேடுபவர்களுக்கு நான் அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். இறப்புப் பதிவில் இறந்தவரின் பெற்றோரின் பெயர்களுக்கு ஒரு கட்டம் உண்டு. அந்த விபரத்தைச் சொன்னவர் பிள்ளையோ அயலவரோ என்பதால், பிறப்புப் பதிவுக்குக் கொடுக்கும் நம்பிக்கையை அதற்குக் கொடுக்கக்கூடாது. விவாகப் பதிவைத் தேடி நான் காலத்தைச் செலவிடவில்லை. தாலி கட்டிச் சடங்காக நடந்த விவாகங்கள் பல அந்நாளில் எழுதப்படவே இல்லை. அவற்றுக்குப் பதிலாகச் சீதன உறுதியைத் தேடுவது பயன் தரும். அதிற் பெண்ணின் பெயரும் பெற்றோரின் பெயரும் காணியின் பெயரும் நொத்தாரிசால் எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு உறுதிகள் 1995 இடப்பெயர்விலே தொலைந்தன.

இணையத் தொகுப்புகளுள் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை மனமுவந்து பரிந்துரைக்கிறேன். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட இது முற்றிலும் இலவசம். முன்னோரைத் தேடுபவருக்கு இதில் மிகவும் பெறுமதியானவை நினைவு மலர்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று கொடுக்கப்படும் 'கல்வெட்டு' என்ற சிறு புத்தகத்தை எங்களிற் பலர் வாங்கி, தேவாரத்தைப் பாடிவிட்டு, அலுமாரிக்கு மேல் போட்டுவிடுகிறோம். அதன் கடைசிப் பக்கங்களில் வம்சாவளி இருக்கும். முதற்பக்கத்துத் திதி வெண்பாவில் இறந்த வருடமும் மாதமும் வளர்பிறையோ தேய்பிறையோ என்ற பக்கமும் திதியும் செய்யுளாகக் கட்டப்பட்டிருக்கும். அந்த வெண்பாவைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஆங்கிலத் திகதி கிடைத்துவிடும். திகதி கிடைத்தால் இறப்புப் பதிவும் கிடைக்கும். வம்சாவளியை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். இளவயதில் இறந்த பிள்ளைகளும், குடும்பத்தோடு மனத்தாங்கலாய்ப் பிரிந்தவர்களும் அதில் இடம்பெறாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் பழைய கல்வெட்டு இருந்தால் அதை எண்ணிமப்படுத்தக் கொடுத்துதவுங்கள்.

மற்றையது பமிலிசேர்ச். அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியைத் தளமாகக் கொண்ட பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை நடத்தும் இத்தளத்தில் கணக்கொன்றைத் திறந்தால் கட்டணமின்றித் தேடலாம். கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவேடுகள் இங்கே படங்களாக இருக்கின்றன. பறங்கியர் குடும்பங்களோடு உறவு கலந்தவர்களுக்கு இது பெரும் கொடை. சைவக் குடும்பங்களுக்கு நேரடிப் பயன் குறைவு. ஆங்கில எழுத்துக் கூட்டலைப் பல விதமாக மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கனகசபை என்ற பெயர் ஒரு பதிவாளருக்கு 'சி' எழுத்திலும் இன்னொருவருக்கு 'கே' எழுத்திலும் தொடங்கியது.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில், பின்னாளில் அந்தப் பிள்ளை எங்கே, யாரை விவாகம் செய்தது என்பதைக் குறித்து வைக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒரே பக்கத்தில் பிறப்பும் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் விவாகமும் கிடைத்துவிடும். கொட்டாஞ்சேனையிலோ கொச்சிக்கடையிலோ வாழ்ந்த குடும்பத்தினர் தம் பங்கின் குருவானவரை முன்கூட்டியே சந்தித்து, காரணத்தைச் சொல்லி, திகதியையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கப் போகாதீர்கள்.

மலையகத் தமிழரின் தேடல் எங்களுடையதைவிடக் கடினமானது. ஹட்டனைச் சேர்ந்த என் நண்பரோடு அவருடைய பாட்டனாரின் பதிவைத் தேடியபோது அதை நேரில் உணர்ந்தேன். தோட்டத்திற் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகமே அறிவித்தது. ஆகவே தேடவேண்டியது ஊரின் பெயரை அன்று, தோட்டத்தின் பெயரையும் அதன் டிவிசனையும். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் மக்கள் வாயில் வேறொரு பெயரும் உண்டு. இரண்டையும் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் பிறப்புச் சான்றிதழில் பாட்டன் இலங்கையிற் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தகப்பன் இலங்கையிற் பிறவாதவராயின் பூட்டனைப் பற்றிய இன்னொரு கட்டமும் இருக்கிறது. முன்னோரைத் தேடுபவருக்கு அவை வரம் போலத் தோன்றும். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் கேட்டதும் அதே கேள்வியைத்தான்; அதற்கு விடை காட்டும் பத்திரம் இல்லாததால்தான் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தக் காலத்து விண்ணப்பங்கள், இந்தியக் கடவுச்சீட்டுகள், தோட்டத்திலிருந்து விலகும்போது கொடுக்கப்பட்ட துண்டு ஆகியன எந்த வீட்டிலாவது இருந்தால், பிறந்த கிராமத்தின் பெயர் அவற்றில் இருக்கக்கூடும். என் நண்பரின் தகரப் பெட்டியில் அப்படியொரு கடவுச்சீட்டு இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயரை அவர் முதன்முதலாக அதிலேதான் வாசித்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன் அலுவலகத்துக்குப் போய்விட்டோம் என்று இருவரும் வருந்தினோம்.

என் தீர்ப்பைச் சொல்வதானால், கட்டணத்தைப் பொறுத்தவரை சான்றிதழ்ப் பிரதிச் சேவைக்கு நிகரில்லை. வேகத்தைப் பொறுத்தவரை பழைய பதிவுகளுக்கு இரண்டு மாதம் பொறுக்கும் மனம் வேண்டும். தமிழ் மொழியிற் படிவமும் பதிலும் கேட்டுப் பெறுங்கள், அது எங்கள் உரிமை. காப்பகத்துக்கு ஒரு வார விடுமுறையை ஒதுக்குங்கள். ஒரு நாள் போய்த் திரும்புபவருக்கு அது பெரிதாக எதையும் தருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், வரும் திகதிக்கு மூன்று மாதம் முன்னதாக இங்குள்ள உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் அனுப்பி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

நான் சென்ற கிழமை மூன்றாவது விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறேன். ஆச்சி காலமானபோது அப்பாவுக்கு ஆறு வயது என்பதால் ஆண்டு 1949 அல்லது 1950; இரண்டு வருட எல்லைக்குள் அடங்குகிறது. பிரிவு கரவெட்டி. இம்முறை பெயரும் எழுதியிருக்கிறேன். அந்த இறப்புப் பதிவு கிடைத்தால், பெற்றோருக்குரிய கட்டத்தில் ஆச்சியின் தாயாருடைய பெயர் இருக்கவேண்டும்.